கணினி எழும்போதே வெப் சர்வரும் எழ வேண்டுமானால்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அலுவலகத்தின் ஒரு மூலையில் உபுண்டு 22.04 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) நிறுவிய மேசைக் கணினி ஒன்று சர்வராக ஓடுகிறது. முன்னால், வருகிறவர்களின் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ். பின்னால், பைத்தான் செயலிகளை ஓட்டும் கனிகார்ன் வழியாக ஓடும் ஒரு ஜாங்கோ செயலி (ஜாங்கோ என்பது பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பு). மின்சாரம் போய் வந்தால் என்ஜின்எக்ஸ் சில நாள் தானாக எழுகிறது, சில நாள் எழுவதில்லை. கனிகார்ன் ஒருநாளும் எழுவதில்லை. யாராவது எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து கையால் கிளப்ப வேண்டியிருக்கிறது. எழும்போது ஓட வேண்டியதை எழுதி வைக்கும் பழைய கோப்பான ஆர்சி.லோக்கலில் எழுதிப் பார்த்தீர்கள், பலனில்லை. என்ஜின்எக்ஸுக்கு ‘எனேபிள்’ கொடுத்தீர்கள், மாற்றமில்லை. ஒரே கட்டளையில் முடியும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டளை ஒன்றுதான் என்பது உண்மை. ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்ஜின்எக்ஸ்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்; சிஸ்டம்சிடிஎல் என்பது, கணினி எழும்போது சேவைகளைக் கிளப்பிக் கண்காணிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளுக்கு ஆணையிடும் கட்டளை. (கட்டளைகளை வாயால் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளியைக் கவனித்துத் தட்டுங்கள்.) ஆனால் அந்தக் கட்டளை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பது தெரியாமல் இருந்தால், அது வேலை செய்யாத நாளில் எங்கே தேடுவது என்றும் தெரியாது. ‘ஸ்டார்ட்’ என்றால் இப்போது ஓடு என்று பொருள். ‘எனேபிள்’ என்றால் இனி ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் ஓடு என்று பொருள். ஒன்று மற்றொன்றைச் செய்யாது. ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டுத் தளம் வருகிறதே என்று திருப்தியடைந்தவர்களே அடுத்த மின்தடையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமானால், எனேபிள் என்பதற்குப் பிறகு இரட்டைக் கோடிட்டு ‘நௌ’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எனேபிள் கொடுக்கும்போது நடப்பது மிகச் சிறிய காரியம். /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற கோப்புறைக்குள் ‘மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் என்ஜின்எக்ஸின் யூனிட் கோப்பை (ஒரு சேவையை எப்படிக் கிளப்புவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) சுட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க், அதாவது ஒரு குறுக்குவழி, உருவாகிறது, அவ்வளவே. கணினி எழும்போது சிஸ்டம்டி பல பயனர் நிலையை எட்டுவதற்காக அந்தக் கோப்புறையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அவர்களையெல்லாம் எழுப்புகிறது. திருமண வீட்டில் பந்தி வரிசைக்குப் பெயர் கொடுப்பது போன்றது இது: பெயர் கொடுத்தால் அழைப்பார்கள், அழைத்தவுடன் எழுந்து வர முடிகிற நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா என்பது வேறு கேள்வி.

பழைய ஏற்பாடும் இதே கருத்தில்தான் இருந்தது. ‘சிஸ்டம் ஃபைவ்’ என்ற பழைய வகை இனிட் (சேவைகளைக் கிளப்பும் மென்பொருள்) இருந்த காலத்தில், ரெட் ஹாட் என்ற லினக்ஸ் வகைக் கணினிகளில் ஒவ்வொரு ரன்லெவலுக்கும், அதாவது கணினியின் ஒவ்வோர் இயக்க நிலைக்கும், ஒரு கோப்புறை இருந்தது. அப்பாச்சி என்ற வெப் சர்வருக்கு அதில் எஸ்85 என்று தொடங்கும் லிங்க் இருந்தால் எழும்போது ஓடும், கே15 என்று தொடங்கும் லிங்க் இருந்தால் நிறுத்தப்படும். எண்ணின் ஏறுவரிசையே எழும் வரிசை. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்பதால் கணினி எழ நேரம் பிடித்தது. ஆனால் 85ஆம் எண்காரர் எழும்போது 10ஆம் எண்ணில் இருந்த வலையமைப்பின் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்திருக்கும் என்ற உறுதி இருந்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்டி, 2011இல் ஃபெடோரா 15இலும் 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகிய லினக்ஸ் வகைகளிலும் இயல்பான ஏற்பாடாக வந்தபோது, அந்த ஒற்றை வரிசை போய்விட்டது. இப்போது சேவைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. யார் யாருக்குப் பிறகு வர வேண்டும் என்று எழுதி வைத்தால் ஒழிய, முன்பின் என்று எதுவும் கிடையாது. உங்கள் ‘சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை’ என்ற நோய்க்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்வோம். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக நிறுவியிருப்பதாகச் சொல்கிறீர்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் ஒரு சேவையை ஆப்ட் நிறுவும்போது பெரும்பாலும் அதை எனேபிள் செய்து, உடனே ஓடவும் விட்டுவிடுகிறது. (ரெட் ஹாட் வழியில் வந்த கணினிகளில் அப்படியில்லை; அங்கே நீங்களாகச் சொல்லும்வரை வெப் சர்வர் எழாது.) ஆகவே நீங்கள் பின்னால் கொடுத்த எனேபிள், ஏற்கெனவே இருந்த லிங்க்கை மறுபடி வைக்கப் பார்த்தது, அவ்வளவுதான். ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் என்ஜின்எக்ஸ்’ என்று கேட்டால் ‘எனேபிள்ட்’ என்று பதில் வரும். பட்டியலில் பெயர் இருக்கிறது. அழைத்தபோது எழ முடியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் ஒட்டியிருக்கும் லாக்கின் (நடந்ததைக் கணினி எழுதி வைக்கும் பதிவு) ஒரே வரியில் இருக்கிறது. 192.168.1.20 என்ற முகவரியின் 80ஆம் போர்ட்டில் (வெப் சர்வர் கோரிக்கைகளைக் கேட்கும் வாசல் எண்) ‘பைண்ட்’, அதாவது அங்கே உட்காரும் முயற்சி, தோற்றது, பிழை எண் 99, ‘கேன்னாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்கிறது அது.

இந்த 99ஐ 98உடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 98 வந்தால் அந்தப் போர்ட்டில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் மறந்துபோன ஓர் அப்பாச்சியாக இருக்கும். 99 வந்தால் அந்த முகவரியே இந்தக் கணினியில் இப்போது இல்லை என்று பொருள். உங்கள் என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் ‘லிசன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் 80 என்று இல்லாமல், 192.168.1.20:80 என்று முழு முகவரியும் எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரியைக் கணினிக்குத் தருவது ரவுட்டரின் டிஎச்சிபி. மின்சாரம் திரும்பும்போது ரவுட்டரும் அதே நொடியில்தான் கண் விழிக்கிறது. அது முழுதாக எழுவதற்குள் உங்கள் கணினி எழுந்துவிட்டால் முகவரி வந்திருக்காது. இல்லாத முகவரியில் உட்காரப் பார்த்து என்ஜின்எக்ஸ் விழுகிறது. ரவுட்டர் முந்திக்கொண்ட நாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் சோதிப்பதற்காகக் கணினியை மட்டும் ரீபூட் செய்தபோது ஒருமுறைகூடத் தவறு நேராததற்கும் இதுவே காரணம். அப்போது ரவுட்டர் தூங்கவேயில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, ‘நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’ வந்த பிறகு என்ஜின்எக்ஸை எழுப்பு என்று எழுதுவது. (டார்கெட் என்பது கணினி எழும் வழியில் எட்டும் ஒரு நிலையின் பெயர்.) ‘நெட்வொர்க்.டார்கெட்’ என்று இன்னொன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எழும் நேரத்தில் அதற்கு இருக்கும் பொருள், வலையமைப்பை நிர்வகிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்பதுதான். முகவரி கிடைத்துவிட்டது என்பது அன்று. பெயரில் ஆன்லைன் என்று இருப்பதே முகவரிக்காகக் காத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது ‘ஆஃப்டர்’ என்ற வரியோடு ‘வான்ட்ஸ்’ என்ற வரியும் தேவை, ஏனென்றால் ஆஃப்டர் என்பது வரிசையை மட்டுமே சொல்கிறது. அந்த டார்கெட்டை யாரும் கேட்காவிட்டால் அது செயல்படாமலே கிடக்கும், செயல்படாத ஒன்றுக்குப் பின்னால் நிற்பதில் காத்திருப்பு எதுவும் இல்லை. இந்த இரண்டு வரிகளையும் தொகுப்போடு வந்த யூனிட் கோப்பில் நேராக எழுதாதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும். ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ஜின்எக்ஸ்’ என்று கொடுத்தால் தனியாக ஒரு ‘ஓவர்ரைடு’ கோப்பு திறக்கும், அதில் எழுதுவது நிலைக்கும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மருந்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன். காத்திருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சிஸ்டம்டியின் சொந்த வலையமைப்பு நிர்வாகி 120 நொடிவரை காத்திருந்துவிட்டு, கிடைக்கவில்லை என்று கைவிட்டுவிடும். ரவுட்டர் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால் மறுபடியும் பழைய கதைதான். அதைவிட எளிது, லிசன் வரியில் முகவரியை நீக்கிவிட்டு வெறும் 80 என்று எழுதுவது. அப்போது என்ஜின்எக்ஸ் எல்லா முகவரிகளிலும் காது கொடுத்திருக்கும்; முகவரி பத்து நிமிடம் கழித்து வந்தாலும் அதற்குக் கவலையில்லை, வந்தவுடன் அந்த வழியாகவும் பதில் சொல்லத் தொடங்கிவிடும். யாரெல்லாம் உள்ளே வரலாம் என்ற கட்டுப்பாட்டை ஃபயர்வாலில் வைத்துக்கொள்ளுங்கள், அது அதற்கான இடம். ஒரு சேவையை வெளி உலகம் சரியாக இருக்கும்வரை காத்திருக்கச் செய்வதைவிட, வெளி உலகம் இன்னும் தயாராகாதபோதும் எழக்கூடியதாக அமைப்பது எப்போதும் உறுதியானது.

இதே வகையில் இன்னொரு பொறியும் என்ஜின்எக்ஸில் உண்டு. பின்னால் இருக்கும் செயலியின் முகவரியை எண்ணாக எழுதாமல் ஒரு பெயராக எழுதியிருந்தால், என்ஜின்எக்ஸ் கிளம்பும்போதே அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தேடும். பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் இன்னும் கிடைக்காத நொடியில் ‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்’ என்று சொல்லிவிட்டு முழு சர்வருமே எழ மறுத்துவிடும், அந்தப் பெயரோடு சம்பந்தமே இல்லாத மற்றத் தளங்களையும் சேர்த்து. உங்கள் கனிகார்ன் அதே கணினியில் இருப்பதால் 127.0.0.1 (இதே கணினி என்று பொருள்படும் முகவரி) என்றோ யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியின் நிரல்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) என்றோ எழுதிவிடுங்கள். இந்தப் பேச்சே எழாது.

அடுத்து கனிகார்ன். அது ஒருநாளும் வராததற்குக் காரணம் எளிது. சிஸ்டம்டிக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. ஆர்சி.லோக்கலில் எழுதியது ஏன் ஓடவில்லை என்றால், உபுண்டு 22.04இல் அந்தக் கோப்பு இயல்பாக இருப்பதே இல்லை. நீங்கள் உருவாக்கினால் சிஸ்டம்டி பழைய பழக்கத்துக்கு மரியாதை கொடுத்து அதை ஓட்டும், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: கோப்புக்கு இயக்க அனுமதி வேண்டும், முதல் வரியில் எந்த ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) என்று சொல்லும் ஷிபாங் வேண்டும். அனுமதி இல்லையென்றால் பேசாமல் தாண்டிப் போய்விடும், ஷிபாங் இல்லையென்றால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று லாக்கில் எழுதிவிட்டு நிற்கும். இரண்டையும் சரிசெய்தாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கிளப்பிய செயலி இடையில் செத்தால் யாருக்கும் தெரியாது, நிறுத்துவதற்கு ஒழுங்கான வழி இல்லை, அது எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ‘அட் ரீபூட்’ என்று எழுதுகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

ஒரு யூனிட் கோப்பு எழுதுவது பத்து நிமிட வேலை. /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறைக்குள் உங்கள் செயலியின் பெயரில், சர்வீஸ் என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு உருவாக்குங்கள். அதில் மூன்று பகுதிகள். யூனிட் என்ற பகுதியில் ஒரு விவரிப்பு வரியும், ஆஃப்டர் என்ற வரியில் நெட்வொர்க்.டார்கெட்டும் போதும், தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் அதன் சேவையின் பெயரையும் ஆஃப்டர் வரியில் சேருங்கள். சர்வீஸ் என்ற பகுதியில் யூசர், வொர்க்கிங்டைரக்டரி, எக்ஸெக்ஸ்டார்ட், ரீஸ்டார்ட் ஆகிய வரிகள். இன்ஸ்டால் என்ற பகுதியில் ‘வான்டட்பை’ என்று எழுதி மல்டி-யூசர்.டார்கெட் என்று போடுங்கள். எனேபிள் கொடுக்கும்போது லிங்க் எங்கே உருவாக வேண்டும் என்று சொல்வது இந்த வரிதான், இது இல்லையென்றால் எனேபிள் செய்வதற்கு எதுவும் இல்லை என்று சிஸ்டம்டி எச்சரிக்கும்.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், அதனால் அங்கே சற்று நிற்கிறேன். நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையும்போது உங்களுக்காக ஒரு ஷெல் திறக்கிறது. அது பேஷ்ஆர்சி என்ற தன் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது, நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் ‘பாத்’ மாறியை நிரப்புகிறது, ஜாங்கோவுக்கான ரகசியச் சாவியையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் நீங்கள் அங்கே எழுதி வைத்திருந்தால் அவற்றையும் ஏற்றுகிறது. பிறகு நீங்கள் செயலியின் கோப்புறைக்குப் போய், விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (இந்தச் செயலிக்கான பைத்தான் தொகுப்புகள் இருக்கும் தனிக் கோப்புறை) ஆக்டிவேட் செய்து, கனிகார்ன் என்று தட்டுகிறீர்கள். நீங்கள் தட்டியது ஒரு சொல். அதற்கு முன்னால் நான்கு ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. கணினி எழும்போது இவற்றில் எதுவும் நடப்பதில்லை. அங்கே நீங்கள் இல்லை, ஷெல் இல்லை, பேஷ்ஆர்சியைப் படிக்க ஆளில்லை. கையால் கிளப்பினால் ஓடுகிறது, சிஸ்டம்டி கிளப்பினால் ஓடவில்லை என்று வருகிற கேள்விகளில் பெரும்பகுதி இந்த நான்கு ஏற்பாடுகளில் ஏதோ ஒன்று விடுபட்டதுதான்.

ஆகவே ஒவ்வொன்றையும் யூனிட் கோப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கனிகார்னின் முழுப் பாதையை, விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் ‘பின்’ என்ற பெயருள்ள கோப்புறைக்குள் இருக்கும் அந்த நிரலின் பாதையையே, எழுதுங்கள். அப்படி எழுதினால் ஆக்டிவேட் செய்வதே தேவையில்லை. கோப்புறை மாற்றுவதை வொர்க்கிங்டைரக்டரி வரி செய்யும். ரகசியங்களை ‘என்விரான்மென்ட்ஃபைல்’ என்ற வரியில் சுட்டும் தனிக் கோப்பில் வைத்து, அதை ரூட் மட்டும் படிக்கும்படி அனுமதியைக் குறைத்துவிடுங்கள். அதைச் சிஸ்டம்டியே படித்துச் செயலிக்குக் கொடுக்கும். எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் வரி அன்று என்பதால், இரண்டு கட்டளைகளை ‘அண்ட் அண்ட்’ போட்டு இணைப்பது, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் அம்புக்குறி, வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்கோடு ஆகியவை அங்கே செல்லாது. முன்னால் ‘நோஹப்’ போட்டு, கடைசியில் ‘அண்ட்’ குறியைச் சேர்த்துப் பின்னணிக்குத் தள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். செயலி முன்னணியிலேயே ஓடட்டும். அதைக் காவல் காப்பதே சிஸ்டம்டியின் வேலை. வெளியீடு தானாகவே சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னலுக்குப் போய்விடும்.

சாக்கெட் கோப்பை /ரன் கோப்புறைக்குள் வைப்பீர்களானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். /ரன் என்பது வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் காலியாகவே தொடங்கும். அதற்குள் நீங்கள் ஒருமுறை எம்கேடிர் கொடுத்து உருவாக்கி, உரிமையாளரை மாற்றி வைத்த கோப்புறை, அடுத்த ரீபூட்டில் இருக்காது. யூனிட் கோப்பில் ‘ரன்டைம்டைரக்டரி’ என்று ஒரு பெயர் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டியே அதை உருவாக்கி, நீங்கள் குறிப்பிட்ட பயனருக்கு உரிமையும் கொடுத்துவிடும்.

ரீஸ்டார்ட் வரிக்கு ‘ஆன்-ஃபெயிலியர்’ என்று எழுதுங்கள். கூடவே ‘ரீஸ்டார்ட்செக்’ வரியில் 5 என்று எழுத மறக்காதீர்கள். இது அலங்காரம் இல்லை. எழுதாவிட்டால் இயல்பான இடைவெளி 100 மில்லிநொடி. அதே நேரத்தில் 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் கிளம்பப் பார்த்தால் சிஸ்டம்டி அந்தச் சேவையைக் கைவிட்டுவிடும் என்பதும் இயல்பான விதி. தரவுத்தளம் எழ நான்கு நொடி பிடிக்கிறது என்று வையுங்கள்: கிளம்பியவுடன் விழும் செயலியாக இருந்தால், அதன் ஐந்து வாய்ப்புகளும் தரவுத்தளம் கண் திறப்பதற்கு முன்பே தீர்ந்து, ‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குயிக்லி’ என்ற வரியோடு நின்றுவிடலாம். ஐந்து நொடி இடைவெளி விட்டால் பத்து நொடிக்குள் ஐந்து முயற்சி என்ற எல்லையையே தொட முடியாது, ஆகவே விடாமல் முயன்றுகொண்டிருக்கும். என்ஜின்எக்ஸின் ஓவர்ரைடு கோப்பிலும் இதே இரு வரிகளைச் சேர்க்கலாம்.

கோப்பை எழுதி முடித்ததும் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுத்து, பிறகு எனேபிள் கொடுங்கள். என்ஜின்எக்ஸுக்கும் கனிகார்னுக்கும் இடையே முன்பின் எழுதத் தேவையில்லை. பின்னால் ஆள் இல்லாமலும் என்ஜின்எக்ஸ் எழும், கனிகார்ன் வரும்வரை வருகிறவர்களுக்கு 502 என்ற பிழையைக் காட்டும், அவ்வளவுதான்.

சேவை ஓடுகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்ற நிலையும் ரீபூட்டுக்குப் பிறகு வரும். ஃபயர்வால் விதியைக் கையால் ஐபிடேபிள்ஸில் சேர்த்து, சேமிக்காமல் விட்டிருந்தால் அது கணினியோடு போய்விடும். ரெட் ஹாட் வகைகளில் ஃபயர்வால்-சிஎம்டி கட்டளையில் ‘பெர்மனென்ட்’ சேர்க்காதவர்களுக்கும் அதே கதி. எச்டிடிபிஎஸ் சாவியைக் கடவுச்சொல்லால் பூட்டி வைத்திருந்தால், எழும் நேரத்தில் அதைத் தட்ட ஆளிருக்காது; என்ஜின்எக்ஸில் அந்தக் கடவுச்சொல்லை ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வழியுண்டு.

இனி வருவது சர்வரைப் பற்றியது அன்று, ஆனால் மின்தடைதான் உங்கள் பிரச்சினை என்பதால் சொல்லியாக வேண்டும்: வெப் சர்வர் தானாக எழ, முதலில் கணினி எழ வேண்டும். நானே ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணினியில் காப்புநகலுக்காக யூஎஸ்பி வட்டு ஒன்றை இணைத்து, எழும்போது இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். யாரோ அந்த வட்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பல வாரம் கணினி அணையவே இல்லை என்பதால் எதுவும் தெரியவில்லை. ஒருநாள் இரவு மின்சாரம் போய் வந்தது. எழும்போது சிஸ்டம்டி அந்த வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்தது, வரவில்லை என்றதும் அவசர நிலைக்குப் போய், ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. திரை இணைக்காத கணினி. எஸ்எஸ்எச் எழவில்லை, என்ஜின்எக்ஸும் எழவில்லை. எனேபிள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. திரையைத் தூக்கிக்கொண்டு போய் இணைத்துப் பார்த்த பிறகே விஷயம் புரிந்தது. அந்த எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல் இருந்திருந்தால் கணினி வட்டைப் பொருட்படுத்தாமல் எழுந்திருக்கும். உங்கள் எஃப்எஸ்டேபையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முழு வட்டையும் என்கிரிப்ட் செய்திருந்தாலும் இதே நிலைதான். கடவுச்சொல்லுக்காகத் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

கேள்வியின் கடைசி வரியில் வீட்டில் இருக்கும் விண்டோஸ் கணினியில் அப்பாச்சியோடு வரும் எக்ஸாம்ப் தொகுப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் கண்ட்ரோல் பேனலில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றைப் போலத் தோன்றும். ‘கான்ஃபிக்’ பொத்தானுக்குள் இருக்கும் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்பது, அந்தப் பேனலைத் திறக்கும்போது அப்பாச்சியைக் கிளப்பும். பேனலைத் திறக்க யாராவது உள்நுழைந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் ‘சர்வீஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் குறிதான் அப்பாச்சியை விண்டோஸ் சேவையாகப் பதிவு செய்கிறது. அதை அழுத்த, பேனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். பிறகு சேவைகள் பட்டியலில் அதன் தொடக்க வகை ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லாம் செய்து முடித்த பிறகு சோதிக்கும் முறையில் ஒரு கண்டிப்பு வேண்டும். ரீபூட் கொடுத்துவிட்டு உடனே எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பார்க்காதீர்கள். பயனரின் பெயரில் பதிவாகும் சேவைகள் அந்தப் பயனர் நுழையும்போதுதான் எழும். ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ கொடுத்திருந்தால் மட்டுமே நுழையாமலே எழும். வீட்டுக் கோப்புறையை என்கிரிப்ட் செய்திருந்தாலும் நுழைந்த பிறகே அது திறக்கும். நுழைந்து பார்த்தால், நீங்கள் நுழைந்ததாலேயே ஓடத் தொடங்கியதைத் தானாக ஓடியது என்று நினைத்துவிடுவீர்கள். கைபேசியில் தளத்தைத் திறந்து பாருங்கள். வந்த பிறகு, அல்லது வராமல் ஐந்து நிமிடம் ஆன பிறகு, உள்ளே நுழையுங்கள். வராவிட்டால் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் சேவையின் பெயரோடு ‘பி’ என்ற தெரிவையும் கொடுத்தால், இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து அந்தச் சேவை சொன்னது மட்டும் வரும். பிக்குப் பக்கத்தில் கழித்தல் 1 என்று போட்டால் அதற்கு முந்தைய முறை. விழுந்த நாளின் லாக்கைத் தேட அது உதவும்.

அடுத்து, கணினியையும் ரவுட்டரையும் சேர்த்து ஒரே சுவிட்சில் அணைத்து, போட்டுப் பாருங்கள். அதற்கு முன்பு பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும், தாய்ப்பலகையின் அமைப்பு நிரல்) மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற தெரிவைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை பெயர் மாறும், ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பது போல இருக்கும். அணைந்தே இரு, எழு, கடைசி நிலைக்குப் போ என்று மூன்று தெரிவுகள் இருக்கும். கடைசி நிலை என்பது பார்க்க நியாயமாகத் தோன்றும். ஆனால் யூபிஎஸ் வைத்து, மின்கலம் தீரும் முன் கணினி ஒழுங்காக அணையும்படி அமைத்திருந்தால், அதன் கடைசி நிலை ‘அணைந்திருந்தது’ என்பதுதான். மின்சாரம் வந்தாலும் எழாது. ‘எழு’ என்ற தெரிவையே வையுங்கள். அதிலும் ஓர் ஓட்டை உண்டு. கணினி அணைந்து, மின்கலம் முழுதாகத் தீருமுன் மின்சாரம் திரும்பிவிட்டால், யூபிஎஸ்ஸின் வெளிப்பக்க மின்சாரம் ஒரு நொடிகூட நின்றிருக்காது. நின்றால்தானே திரும்பியது என்று பலகைக்குத் தெரியும். அதனால் அணையும் கட்டத்தின் கடைசியில் யூபிஎஸ்ஸையே சற்று நேரம் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் வசதி அதன் மென்பொருளில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.